பார் எடுக்கும்போது எந்த இடத்தில் நின்றுபோகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கத்துப் பூங்கா ஒன்றில், குழந்தைகள் ஏறி விளையாடும் ஜங்கிள் ஜிம்மை ஒட்டி ஒரு பார் கம்பி இருக்கிறது. சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் அங்கே கூடுவோம். டிசம்பர், ஜனவரி கோடையில் அந்த நேரத்துக்கே பளிச்சென்று விடிந்திருக்கும். ஜூன், ஜூலைக் குளிரில் ஏழு மணிக்கு மாற்றிக்கொள்வோம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். மற்றவர்கள் இந்த ஊரிலேயே நான்கைந்து தலைமுறையாக இருப்பவர்கள், பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் எண்ணிக்கை மட்டும் தமிழில். எங்களில் ஒருத்தியின் ஆயா, அதாவது பாட்டி, அறுபத்தேழு வயது, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு யார் தொங்கினாலும் "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணுவார். அவருடைய ஒரு விநாடி கடிகாரத்தின் ஒன்றரை விநாடி என்பது எங்கள் நிரந்தரப் புகார்.

கம்பியில் தொங்கி, தாடை கம்பியைத் தாண்டும்வரை உடம்பை மேலே இழுப்பதுதான் புல்-அப். எனக்கு முதல் புல்-அப் வர பதினொரு மாதம் ஆனது. வயது அப்போது முப்பத்தொன்பது. அதில் ஐந்து மாதமாவது வீண். பழுது ஓரிடத்தில் இருக்க, வேறோர் இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். "கையில் பலம் பத்தலை" என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொன்னேன். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது மாதிரி அது. எங்கே, எப்போது, எப்படி என்று தெரியாமல் மருந்து எழுத முடியாது.

அதனால் முதல் வேலை: போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு முயற்சியைப் படம்பிடியுங்கள். கம்பியைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க, கை முழுதாக நீண்ட நிலையில் தொங்கிப் பிறகு இழுங்கள். காலை உதறக் கூடாது. தாடை கம்பிக்கு மேலே போனால்தான் ஒன்று. உள்ளங்கை நம் முகத்தைப் பார்த்தால் அது சின்-அப். மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் நன்றாகக் கைகொடுப்பதால் பெரும்பாலோருக்கு அது கொஞ்சம் சுலபம், முதலில் அது வந்தாலும் சந்தோஷமே. நம் ஊர்ப் பையன்கள் எல்லாவற்றையும் சேர்த்து "பார் எடுக்கிறது" என்பார்கள். அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கும்.

"பெண்களுக்கு இது வராது" என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை. சராசரியாகப் பெண்ணின் மேலுடல் பலம் ஆணின் பலத்தில் பாதிக்குச் சற்று மேல், கால் பலம் மூன்றில் இரண்டு பங்கு அளவு. இது உண்மை. அமெரிக்க மரைன் படையில் 2013இல் பயிற்சியிலிருந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களால் மூன்று புல்-அப் எடுக்க முடியவில்லை என்பதும் உண்மை. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நாற்பது சதவீதத்துக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகத்தில் பதினேழு பெண்களுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்து நால்வருக்கு மட்டுமே வந்தது என்ற செய்தி 2012இல் நிறைய அடிபட்டது. எனக்கு அதில் தெரிவது வேறு: ஒன்றுமே வராத நிலையிலிருந்து மூன்றே மாதத்தில் நான்கு பேர்! எனக்கு பதினொரு மாதம் ஆனது.

சரி, வீடியோவைப் பாருங்கள். கீழே உள்ள புகார்களில் உங்களுடையது எது என்று தேடிப் பிடியுங்கள். புகார்களை நம் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன்.

"பத்து விநாடி தொங்கறதுக்குள்ளயே கை நழுவிடுது"

பலத்தைச் சந்தேகிப்பதற்கு முன் எண்ணெயைச் சந்தேகியுங்கள். ஒரு சனிக்கிழமை நான் மூன்று தடவை விழுந்தேன், நான்காவது தடவை கீழே இறங்கி உட்கார்ந்து அழாத குறை. ஆயா என் கையை இழுத்து முகர்ந்து பார்த்தார். முந்தின ராத்திரி மகளுக்குத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தேன், காலையில் அவசரத்தில் அவளுக்குப் பின்னலும் போட்டுவிட்டு வந்திருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு டவலில் துடைத்துவிட்டு வந்தபோது இருபத்தைந்து விநாடி தொங்கினேன்.

இந்த ஊரில் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் எண்ணெயே வேண்டாம், வியர்வை போதும். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் பாறை ஏறுபவர்களும் பூசிக்கொள்ளும் வெள்ளைச் சாக் தூள் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். முகப் பவுடரைப் பூசாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சுவதுபோல் தெரியும், ஆனால் வழுக்கும்.

அடுத்து கம்பியின் பருமன். சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட வேண்டும். பூங்காக்களில் ஊஞ்சல் தாங்கும் குழாய்களில் தொங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அது பெரிய கை உள்ளவர்களுக்கே கஷ்டம். கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாக இருக்கும், ஒரு பழைய துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்.

கம்பி உள்ளங்கையின் நடுவில் உட்காரக் கூடாது. விரல்கள் தொடங்கும் மேட்டில் உட்கார வேண்டும். நடுவில் பிடித்தால் தொங்கியதும் தோல் மடிந்து கம்பிக்கும் கைக்கும் நடுவே நசுங்கும், அங்கேதான் கொப்புளம் வரும், பிறகு கிழியும்.

மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். இதில் நான் கறார். மோதிரம் கம்பியில் மாட்டிக்கொண்டு உடம்பின் எடை முழுதும் கீழே போனால் விரலின் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும், விரலே போன கதைகள் உண்டு. வளையலையும் கழற்றுங்கள். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுப் பின் குத்திக்கொண்டால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நழுவினால், அப்போதுதான் பிடிமானப் பலம் குறைவு. பத்து விநாடி வீதம் ஐந்து தடவை தொங்குங்கள், வாரம் மூன்று நாள். வாரத்துக்கு ஐந்து விநாடி ஏற்றுங்கள். ஒரே மூச்சில் முப்பது விநாடி வந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டீர்கள்.

"தொங்க முடியுது, ஆனா ஒரு அங்குலம்கூட மேலே போகல"

பத்தில் ஏழு பேரின் புகார் இதுதான். என் ஐந்து மாதமும் இங்கேதான் போனது.

வீடியோவில் உங்கள் தோளைப் பாருங்கள். தோள் காதை ஒட்டி, கழுத்தே தெரியாமல் இருக்கிறதா? அந்த நிலையிலிருந்து கையை மட்டும் மடக்கி உடம்பைத் தூக்கப் பார்க்கிறோம். முதுகின் இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து இடுப்பு வரை விசிறி மாதிரி விரியும் பெரிய தசை இருக்கிறது, ஜிம்மில் லாட்ஸ் என்பார்கள். வேலையைச் செய்ய வேண்டியது அது. நாம் அதைக் கூப்பிடாமல், சின்னத் தசையான பைசெப்ஸைத் தனியாக அனுப்புகிறோம்.

கூப்பிடும் விதம் இது. கம்பியில் தொங்குங்கள். முழங்கையை மடக்காமல், தோளை மட்டும் காதிலிருந்து கீழே இறக்குங்கள். உடம்பு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் மேலே வரும். ஒரு விநாடி நில்லுங்கள். மறுபடி மெதுவாகத் தொங்குங்கள். அவ்வளவுதான். எட்டு தடவை, மூன்று சுற்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரிதான் தெரியும். பூங்காவில் ஓடுகிற ஆண்கள் "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எனக்கு இது இரண்டு வாரம் பிடிபடவே இல்லை. தோளை இறக்கு என்றால் முழங்கைதான் மடங்கியது. கடைசியில் ஆயா எழுந்து வந்து, என் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை இருக்கும் இடத்தில், இரண்டு பக்கமும், இரண்டு விரலை வைத்து அழுத்தினார். "இந்த விரலைக் கீழே தள்ளும்மா" என்றார். விரல் நகர்ந்தது. அதற்கு முன்னால் அங்கே எனக்கு ஒரு தசை இருப்பதே தெரியாது. அவர் எந்த ஜிம்முக்கும் போனவர் இல்லை. முப்பது வருடம் துணித் தொழிற்சாலையில் மெஷினில் குனிந்து உட்கார்ந்திருந்து, முதுகு எங்கே இறுகும் என்பதை உடம்பால் படித்தவர். உங்களுக்கும் பிடிபடவில்லை என்றால் யாரையாவது அதே இடத்தில் விரல் வைக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால், கம்பியை வளைத்து இடுப்புப் பைக்குள் போடப் போவதாக நினைத்துக்கொண்டு இழுங்கள்.

இப்போது என் தவறு. நான் ரப்பர் பட்டையை நம்பினேன். கம்பியில் மாட்டி, அதில் காலை வைத்துக்கொண்டு இழுப்பது. மிகத் தடித்த பட்டையை வாங்கினேன். எட்டு எட்டாக எடுத்தேன், பெருமையாக இருந்தது. ஐந்தாம் மாதம் பட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தால், அதே பழைய இடம், ஓர் அங்குலம்கூட இல்லை. காரணம் எளியது: ரப்பர் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தூக்கும். நாம் கீழே தொங்கும்போது அது முழுதாக நீண்டிருக்கிறது, அங்கேதான் மிக அதிகமாகத் தூக்கிவிடுகிறது. மேலே போகப் போகத் தளர்ந்துவிடுகிறது. எனக்குப் பலம் இல்லாத அதே இடத்தில் ரப்பர் என் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பட்டையே கூடாது என்று சொல்லவில்லை. மேல் பகுதியில் சிக்குகிறவர்களுக்கு மெல்லிய பட்டை நல்லது. அடியில் சிக்குகிறவர்களுக்கு அது ஏமாற்று.

அடியில் சிக்கினால் பட்டைக்குப் பதில் ஸ்டூல். முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு காலின் விரல் நுனியை மட்டும் அதில் வைத்து, எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக அழுத்தி மேலே வாருங்கள். எவ்வளவு உதவி எடுக்கிறோம் என்பது நம் கையில், அதாவது காலில், இருக்கிறது.

கூடவே இரண்டு பயிற்சி. ஒன்று, இடுப்புயரக் கம்பி ஒன்றின் கீழே மல்லாந்து, குதிகால் தரையில் இருக்க, உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்து நெஞ்சைக் கம்பிக்கு இழுப்பது. ஜங்கிள் ஜிம்மில் இதற்கேற்ற கம்பி எப்போதும் ஒன்று இருக்கும். எட்டிலிருந்து பத்து, மூன்று சுற்று. முழங்காலை மடக்கினால் சுலபம், நீட்டினால் கஷ்டம். வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்து இதைச் செய்து, மேசையோடு சேர்ந்து சாய்ந்தவரை எனக்குத் தெரியும். நல்ல கனமான மேசை என்றால் மட்டும் முயலுங்கள்.

இன்னொன்று, இறங்கும் பயிற்சி. பெஞ்சில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, மெதுவாக இறங்குவது. தசைக்குத் தூக்கும் பலத்தைவிடத் தாங்கி இறக்கும் பலம் எப்போதும் அதிகம். ஏற முடியாதவர்களாலும் இறங்க முடியும். ஐந்து விநாடியில் இறங்குங்கள். எல்லோரும் முதல் பாதியை அழகாக இறங்கிவிட்டுக் கடைசி மூன்றில் ஒரு பங்கில் தொப்பென்று விழுவார்கள். உங்களுக்குத் தேவையானது அந்தக் கடைசிப் பங்குதான், அங்கே இன்னும் மெதுவாகப் போங்கள். ஆயா எண்ணினால் ஐந்து விநாடி ஏழரை ஆகும், பரவாயில்லை.

ஒரு நாளைக்கு நான்கைந்து இறக்கம், வாரம் இரண்டு நாள். அதற்கு மேல் வேண்டாம். இறங்கும் பயிற்சி ஏறுவதைவிட அதிகமாகத் தசையை நோகடிக்கும், மறுநாளைவிட மூன்றாம் நாள் மோசம். முதல் நாளே ஆர்வத்தில் முப்பது நாற்பது செய்தவர்களுக்குக் கை வீங்கி, மடக்க முடியாமல், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது உண்டு. அப்படிப் போனால் வெந்நீர் ஒத்தடம் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது.

ஜிம்முக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது: "உட்கார்ந்து இழுக்கிற மெஷின்ல நாற்பத்தஞ்சு கிலோ இழுக்கறேனே, இங்கே ஏன் வரல?" உங்கள் எடை அறுபது என்றால் பதினைந்து கிலோ குறைகிறது, கணக்கே அதைச் சொல்கிறது. தவிர, அங்கே தொடையை ஒரு திண்டு பிடித்துக்கொள்கிறது. இங்கே உடம்பு முழுவதையும் நீங்களேதான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பாதி வரைக்கும் வருது, அப்புறம் பூட்டினமாதிரி நின்னுடுது"

முழங்கை செங்கோணத்தில் இருக்கும் இடம். வீடியோவில் முழங்கைகள் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்திருக்கும். அவற்றைக் கொஞ்சம் முன்பக்கம் கொண்டுவந்து, கீழே விலாவை நோக்கி இழுங்கள். சிக்கும் அதே உயரத்தில் பத்து விநாடி அசையாமல் நிற்பது நல்ல மருந்து, ஸ்டூலிலிருந்து அந்த உயரத்துக்கு ஏறிக்கொண்டு காலை எடுத்துவிடுங்கள். மூன்று தடவை. இந்தக் கட்டம் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் தீரும், கவலைப்பட ஒன்றுமில்லை.

"தாடை மட்டும் ஏறமாட்டேங்குது"

ஒரு விரல் அகலம் பாக்கி. இதைப்போல் எரிச்சலூட்டுவது வேறில்லை. வீடியோவில் கழுத்தைப் பாருங்கள், கொக்கு மாதிரி நீட்டித் தாடையைத் தூக்கி எப்படியாவது கம்பியைத் தாண்ட முயல்கிறோம். அப்படி நீட்டும் நொடியில் தோள் முன்னால் உருண்டு, முதுகு கைவிட்டுவிடுகிறது, இருந்த பலமும் போகிறது. தாடையை மறந்துவிட்டு, காறை எலும்பைக் கம்பியில் தொடப் போவதாக நினைத்து இழுங்கள். பார்வை கம்பிக்குச் சற்று மேலே இருக்கட்டும்.

பெஞ்சிலிருந்து ஏறி, தாடை மேலே இருக்கும் நிலையில் பதினைந்து, இருபது விநாடி நிற்கப் பழகுங்கள். மெல்லிய ரப்பர் பட்டை இங்கே கைகொடுக்கும் என்று மேலேயே சொன்னேன்.

"ஊஞ்சல் மாதிரி ஆடுறேன்"

கால் உங்களுக்குப் பின்னால் மடிந்து தொங்குகிறது, அதனால்தான். காலைச் சேர்த்து நீட்டி, உடம்புக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். கம்பியை எட்டிக் குதித்துப் பிடிக்காமல் பெஞ்சிலிருந்து பிடித்தால் பாதி ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

"வலிக்குது"

எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வேன். முதுகின் அகலத்தில், அக்குளுக்குக் கீழே, பரவலாக இருந்தால் நல்ல வலி. இரண்டு நாளில் போகும்.

முழங்கையின் உட்புற எலும்பு முண்டில், ஒரு புள்ளியில், கெட்டிலைத் தூக்கும்போதும் துணி பிழியும்போதும் சுரீரென்றால் அது தசைநாண் பிரச்சினை. சின்-அப் அதிகம் எடுப்பவர்களுக்கும், ஒரேயடியாக எண்ணிக்கையைக் கூட்டுபவர்களுக்கும் வரும். "தாங்கிக்கிட்டுச் செய்தால் சரியாயிடும்" என்பது இங்கே பொய். மூன்று மாதம் இழுத்தடிக்கும். இழுக்கும் பயிற்சியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் கைப்பிடி கிடைத்தால் அதற்கு மாறுங்கள். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கிலோ சுகர் பீன்ஸ் (இங்கே கிடைக்கும் ஒரு காய்ந்த பீன்ஸ் வகை) பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்குங்கள், மற்ற கையால் மேலே தூக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். பதினைந்து தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள்.

தோளின் முன்பக்கம் குத்தினால், அல்லது தொங்கும்போது தோள் கழன்றுவிடும் போல் இருந்தால், தளர்ந்து தொங்காதீர்கள். தோளைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தபடியே தொங்குங்கள். அப்படியும் குத்தினால், அல்லது விரல்கள் மரத்துப்போனால், பிசியோவிடம் காட்டுங்கள்.

உள்ளங்கைக் காய்ப்பு வலி இல்லை, ஆனால் மேடாக வளரவிட்டால் ஒருநாள் பிய்த்துக்கொண்டு வரும். குளித்த பிறகு, குதிகாலுக்குத் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்துச் சமமாக்குங்கள்.

"நல்லாத்தான் போயிட்டிருந்தது, மூணு வாரமா ஒண்ணும் நகரல"

நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் கேட்பேன். எழுதாதவர்களுக்கு எப்போதுமே ஒன்றும் நகராது. இருபது விநாடி இருபத்தாறு ஆனதை மனம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

தினமும் செய்கிறீர்களா? ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். ஒரு வாரம் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், அடுத்த வாரம் தானாக ஏறும். எனக்கு அப்படித்தான் இருபது விநாடித் தடை உடைந்தது.

அப்புறம் சாப்பாடு. போன வருடம் செப்டம்பர் கடைசியில் எங்கள் குழுவில் நால்வர் ஒரே சமயத்தில் பின்னுக்குப் போனார்கள். நான்கு பேருக்கும் தோளில் ஒரே கோளாறா என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆயாதான் சிரித்தார்: "புரட்டாசி வந்துடுச்சே." இந்த ஊர்த் தமிழர்கள் புரட்டாசியை நம் ஊரைவிடக் கண்டிப்பாகப் பிடிப்பார்கள். மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது, பல வீடுகளில் பாத்திரமே தனி. தப்பு விரதத்தில் இல்லை. கறிக்கும் டின் மீனுக்கும் பதிலாகத் தட்டில் வந்தது உருளைக்கிழங்குக் குழம்பும் ரொட்டியும்தான். புரதம் பாதிக்கும் கீழே போய்விட்டது.

பலம் கூட்டப் பயிற்சி செய்பவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் எடுப்பது பயன் தரும். அறுபது கிலோ என்றால் நாளைக்குச் சுமார் 96 கிராம். அந்த மாதத்துக்கும் வழி இருக்கிறது. கொத்துக்கறி மாதிரித் துகளாக வரும் உலர்ந்த சோயா மின்ஸில் பாதி எடை புரதம், 50 கிராம் போட்டால் 25 கிராம் வந்துவிடும். வேகவைத்த சுகர் பீன்ஸ் 100 கிராமில் எட்டு ஒன்பது கிராம். இந்த ஊர்க் கெட்டிப் புளித்த பாலான அமாசி ஒரு பெரிய டம்ளரில் ஏறக்குறைய எட்டு. இந்த வருடம் சோயா மின்ஸில் பட்டாணி போட்டு வதக்கி, ரொட்டிக்குள் உருட்டிச் சனிக்கிழமை பூங்காவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நோட்டில் யாருக்கும் இறங்கவில்லை.

எடை குறைந்தால் சுலபம் என்பது கணக்குப்படி சரிதான், நாம் தூக்குவது நம் எடையைத்தானே. ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். எங்களில் முதலில் புல்-அப் எடுத்தவள் எழுபத்தோரு கிலோ.

படியேறினாலே மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது, மாதவிலக்கு அதிகம் போகிறது என்றால் கம்பியை விட்டுவிட்டு இரும்புச்சத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாதவிலக்குக்கு முந்தின இரண்டு மூன்று நாள் சிலருக்குப் பிடிமானமே வராது, சிலருக்கு வித்தியாசமே தெரியாது. நோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தால் நீங்கள் எந்த ரகம் என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

"இழுக்கும்போது வயிறு நடுவுல கூம்பு மாதிரி எழும்புது"

பிள்ளை பெற்றவர்களுக்கு வயிற்றுத் தசைகள் நடுவில் பிரிந்திருந்தால் இப்படி ஆகும். இழுக்கும்போது சிறுநீர் கசிவதும் இதே வகை. இரண்டுக்கும் வெட்கப்பட வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய சிகிச்சை தெரிந்த பிசியோவிடம் போங்கள். அதுவரை முழுதாகத் தொங்குவதை நிறுத்திவிட்டு, மூச்சை அடக்காமல், குதிகால் தரையில் இருக்கும் பலகை இழுப்பை மட்டும் முழங்காலை மடக்கிச் செய்யலாம், அதிலும் கூம்பு எழுந்தால் அதையும் நிறுத்துங்கள்.

"வீட்டுக் கதவுல மாட்டின பார் நிக்கமாட்டேங்குது"

இது உங்கள் பலவீனம் இல்லை, கதவு நிலையின் பலவீனம். விளம்பரத்தில் வரும் கொக்கி வகைப் பார், கதவைச் சுற்றி மரச்சட்டம் துருத்திக்கொண்டிருக்கும் வீடுகளுக்கானது. இங்கே நிறைய வீடுகளில் தகடு மடித்த இரும்பு நிலைதான், கொக்கி உட்கார விளிம்பே இருக்காது. முறுக்கி இறுக்கும் வகை அந்த வழவழப்பான பெயின்டில் வழுக்கும். நான் ஒருமுறை அதோடு சேர்ந்து முட்டியில் விழுந்து, ஒரு வாரம் படி இறங்க முடியவில்லை. சுவரில் போல்ட் அடித்து மாட்டும் வகைதான் சரி, அதுவும் செங்கல் சுவரில். இல்லையென்றால் பூங்காவே மேல்.

"ஒண்ணு வந்துடுச்சு. ரெண்டாவது வரவே மாட்டேங்குது"

வாழ்த்துகள். இரண்டாவதைத் துரத்தாதீர்கள். ஒன்றை எடுங்கள், கீழே இறங்குங்கள், இரண்டு நிமிடம் முழுதாக உட்காருங்கள், மறுபடி ஒன்று. அப்படி ஐந்தாறு ஒற்றைகள், வாரம் மூன்று நாள். ஒவ்வொன்றும் கை முழுதாக நீண்ட நிலையிலிருந்து தொடங்க வேண்டும். அரை மடங்கலிலிருந்து எடுப்பதை ஆயா எண்ணமாட்டார், நீங்களும் எண்ணாதீர்கள். ஒற்றைகள் எட்டு ஆகும்போது ஓய்வை ஒன்றரை நிமிடம் ஆக்குங்கள், பிறகு ஒன்று. எனக்கு இரண்டாவது வந்தது ஏழாம் வாரம், நான் எதிர்பார்க்காத ஒரு புதன்கிழமை, பூங்காவில் எண்ண ஆள் இல்லாத நேரத்தில்.

இப்போது நான்கு வருகிறது. ஐந்தாவதில் தாடை கம்பிக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. வீடியோ எடுத்துப் பார்த்தேன், கொக்குக் கழுத்துதான்.